முப்பத்தெட்டுப் பக்கம் என்று ஒன்று கிடையாது

சென்டர் பின் அடிக்கிற புத்தகத்தில் பக்கங்களின் எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். ஒரு தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம். அதற்கு மேல் பேச்சே இல்லை. இதை ஒரு கால்பந்து ரசிகர் இதழின் ஆசிரியரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒவ்வொரு இதழுக்கும் 38 அல்லது 42 பக்கம்தான் அனுப்புவார்.

வட இங்கிலாந்தில் ஒரு சிறிய அச்சகத்தில் ஏழு வருடம் லேஅவுட் வேலை பார்த்தேன். திருமண அழைப்பிதழ், டேக்அவே கடை மெனு, தேவாலயச் செய்திமடல், இரங்கல் கூட்டத்துக்கான பாட்டுத்தாள். இவற்றுக்கு நடுவே ஆகஸ்டிலிருந்து மே வரை சில வாரங்களுக்கு ஒரு முறை ஊர்க் கால்பந்து அணியின் ஃபேன்ஸின் வரும். கிளப் நடத்துகிற இதழ் இல்லை. ரசிகர்களே எழுதி, தாங்களே காசு போட்டு அச்சடித்து, மைதானத்து வாசலில் நின்று விற்பது. கிளப் விற்கிற மேட்ச் புரோகிராமைப் படித்தால் அணி அற்புதமாக இருப்பதாகத் தோன்றும். இதைப் படித்தால் இன்னும் எதற்கு அணியைக் கலைக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

ஆசிரியர் ஒரு பஸ் டிரைவர், அறுபதை நெருங்குகிறவர். ஷிஃப்ட் முடிந்து சீருடையோடேயே பென் டிரைவைக் கொண்டுவந்து கொடுப்பார்.

முதல் இதழிலேயே நான் சொதப்பினேன். ஒரு பத்தியில் பக்கத்து ஊர் எதிரணியின் பெயர் பதினோரு இடத்தில் தப்பாக இருந்தது. ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு விதமாக. எல்லாவற்றையும் திருத்தி, புரூஃபை அனுப்பிவிட்டு, பாராட்டு வரும் என்று உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை அவர் வந்து கேட்டார்: "அவங்க பேரை ஒழுங்கா எழுதினா நம்ம ஆளுங்க யார் வாங்குவாங்க?" பதினொன்றையும் திரும்பக் கெடுத்தேன். பிழை திருத்துவதுதான் என் வேலை என்று அதுவரை நினைத்திருந்தேன். எது பிழை என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் அதில் சேர்த்தி என்று அப்போதுதான் உறைத்தது.

முதலாளியும் அச்சுக்கு முன்னால் ஒரு வரி விடாமல் படிப்பார். ரசித்துப் படிக்கிறார் என்று நினைக்க வேண்டாம், அவதூறு வழக்கு பயம். 1996 அவதூறுச் சட்டம் அச்சடிப்பவருக்கு ஓரளவு பாதுகாப்பு தருகிறது. ஆனால் அவர் தன் பங்குக்குத் தக்க கவனம் எடுத்திருக்க வேண்டும், தெரிந்தே அச்சடித்துவிட்டுக் கையை விரிக்க முடியாது. முதலாளியின் விதி எளிது: கிளப் தலைவரை முட்டாள் என்று எழுதலாம், பணத்தை எடுத்தார் என்று எழுதினால் ஆதாரம் வேண்டும். முட்டாள் என்பதற்கு ஆதாரம் வேண்டாமா என்று ஒரு நாள் கேட்டேன். "மேட்ச் பார்க்கறது இல்லையா நீ?" என்றார்.

ஒரு கோடையில் பழைய இதழ்களை ஸ்கேன் செய்யும் வேலை வந்தது. வாழைப்பழ அட்டைப்பெட்டி நிறைய, 1988 முதல். தட்டச்சுத் தாளை வெட்டி ஒட்டி, தலைப்புகளை லெட்ராசெட் என்ற ஒட்டெழுத்துத் தாளில் தேய்த்து, யாரோ ஒருவரின் அலுவலக ஜெராக்ஸில் இரவோடு இரவாக எடுத்தவை. பசை காய்ந்து பழுப்பேறியிருந்தது. ஒரு வாரம் அதற்குள்ளேயே கிடந்தேன். அந்த நாட்டுக் கால்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தப் பெட்டியிலிருந்து வந்ததுதான்.

1985 மே மாதம் பிராட்ஃபோர்டு மைதானத் தீயில் 56 பேர் இறந்தார்கள். அதே மாதம் பிரஸ்ஸல்ஸ் ஹேசல் மைதானத்தில் ரசிகர் கலவரத்தில் 39 பேர். பத்திரிகைகளுக்கும் அரசாங்கத்துக்கும் கால்பந்து ரசிகன் என்றாலே ரவுடி என்றாகிப்போனது. அடையாள அட்டை இல்லாமல் மைதானத்துக்குள் விடக்கூடாது என்று தாட்சர் அரசு 1989இல் சட்டமே கொண்டுவந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசல். இறந்தவர்கள் 97 பேர். முதலில் பழியைத் தூக்கி ரசிகர்கள் மேலேயே போட்டார்கள். நீதிபதி டெய்லரின் விசாரணை அறிக்கை போலீஸின் கட்டுப்பாடு தவறியதுதான் முக்கியக் காரணம் என்றது, அடையாள அட்டைத் திட்டமும் கைவிடப்பட்டது. நம்மைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், நாம் எழுதினால் என்ன என்ற கோபத்தில்தான் அந்த வருடங்களில் ஊருக்கு ஊர் ஃபேன்ஸின் முளைத்தது. பிராட்ஃபோர்டில் சிட்டி ஜென்ட் என்ற ஃபேன்ஸின் 1984லேயே வந்துவிட்டது. எல்லா அணி ரசிகர்களுக்கும் பொதுவான வென் சாட்டர்டே கம்ஸ் 1986இல் தொடங்கியது.

அந்தப் பெட்டியில் எனக்கு மிகப் பிடித்தது லண்டன் அணியான சார்ல்டனின் கதை. 'த வேலி' (The Valley) என்ற சொந்த மைதானத்தை விட்டு 1985இல் அந்த அணி வெளியேற, வாய்ஸ் ஆஃப் த வேலி என்ற ஃபேன்ஸினும் மற்ற ரசிகர்களும் திரும்பிப் போகப் போராடினார்கள். கிரீனிச் நகராட்சி அந்தத் திரும்பும் திட்டத்தை நிராகரித்ததும், வேலி கட்சி என்று ஒன்றைத் தொடங்கி 1990 உள்ளாட்சித் தேர்தலில் நின்றே விட்டார்கள். ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. வாக்குகள் 14,838. நகராட்சி இறங்கிவர அது போதும். 1992 டிசம்பரில் அணி வேலிக்குத் திரும்பியது. எங்கள் பஸ் டிரைவர் அந்தத் தேர்தல் செய்தியை 1990 இதழில் இரண்டு பக்கத்துக்குப் போட்டிருந்தார். பக்க எண்ணிக்கை அப்போதும் தப்பு. கடைசித் தாளின் பின்பக்கம் வெற்றுத் தாள்.

இப்போது என்னால் மறக்க முடியாத ஓர் இதழுக்கு வருகிறேன். அட்டையோடு சேர்த்து 40 பக்கம் என்று பேச்சு, வழக்கம்போல வந்தது 38. புதன்கிழமை போன் செய்தேன். "நடுவுல ரெண்டு பக்கம் காலியா விடு, ஏதாவது தரேன்" என்றார். அட்டையைத் தடித்த தாளில் முதலில் அச்சிட்டுவிடுவது எங்கள் வழக்கம். வியாழன் மதியம் ஐந்நூறு அட்டையும் தயார். அணியின் மேனேஜர் படம், அவர் தலைக்கு மேல் வெளியேறும் வழி என்ற பச்சைப் பலகை. மூன்று இதழாக அவரைப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வியாழன் மாலை ஐந்தரைக்குக் கிளப் அவரை நீக்கியது.

நான் ஐந்நூறு அட்டையையும் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்ப அடித்தால் காசு யார் தருவது? முதலாளி ஒன்றும் சொல்லாமல் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார், அதுவும் ஒரு பதில்தான். எட்டு மணிக்கு ஆசிரியர் பஸ் டிப்போவிலிருந்து கூப்பிட்டார். அட்டை அப்படியே இருக்கட்டும், நாம் சொன்னதைத்தானே கேட்டிருக்கிறார்கள் என்று சிரித்தார். அப்புறம், "டைப் பண்ணிக்கிறியா?" என்றார்.

போனை ஸ்பீக்கரில் போட்டேன். இருபது நிமிட இடைவேளைக்குள் அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். மேனேஜரைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அந்த ஆள் வந்த முதல் வருடம், பனியில் ஆட்டம் ரத்தாகிவிட, தொலைவிலிருந்து வந்த எதிரணி ரசிகர்களின் பஸ்ஸுக்குள் ஏறி ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டதைச் சொன்னார். தோற்ற நாளிலும் வாசலில் நின்று சிறுவர்களுக்குக் கையெழுத்துப் போட்டதைச் சொன்னார். நல்ல மனிதர், மோசமான மேனேஜர், இரண்டாவதை மூன்று இதழாக எழுதிவிட்டோம், முதலாவதை எழுத இன்று வரை இடம் இருக்கவில்லை என்றார். ஒரு வாக்கியம் இலக்கணப்படி முடியவே இல்லை. கை வைக்காமல் விட்டேன்.

இருபதும் இருபத்தொன்றும், அடித்த பின் ஊசி தெரிகிற நடுப்பக்கம். சரியாக உட்கார்ந்தது. வெள்ளிக்கிழமை உள்தாள்களை அச்சிட்டு, மடித்து, பின் அடித்து, விளிம்பு வெட்டிக் கட்டினோம். சனிக்கிழமை பெட்டிகளை வாசலில் இறக்கப் போனபோது அட்டையைப் பார்த்து ஆட்கள் சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். ஒரு பெரியவர் நடுப்பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, டர்ன்ஸ்டைல் என்கிற நுழைவுச் சுழல்கதவு வரிசையில் முன்னால் நகராமல் நின்றார். பின்னால் இருந்தவர்கள் கத்தினார்கள்.

வீட்டுக்கு வந்து ஒரு பிரதியைப் புரட்டியபோதுதான் பார்த்தேன். நடுவில் இரண்டு பக்கம் சொருகினேனே தவிர, உள்ளடக்கப் பட்டியலை மாற்றவில்லை. பத்தொன்பதுக்கு அப்புறம் இருந்த எல்லாமே இரண்டு பக்கம் தள்ளிப்போயிருந்தது. போன் செய்து ஒப்புக்கொண்டேன். பரவாயில்லை என்றார். பரவாயில்லையா என்பது அடுத்த இதழில் தெரிந்தது. முதல் பக்கத்தில் கட்டம் கட்டி ஒரு மன்னிப்பு: எங்கள் அச்சகத்தாருக்கும் எங்கள் தடுப்பாட்டக்காரர்களுக்கும் ஒரே வியாதி, யார் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாது.

இங்கிலாந்தில் வெளியாகும் எந்த இதழிலும் ஒரு பிரதியை ஒரு மாதத்துக்குள் பிரிட்டிஷ் நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஃபேன்ஸினுக்கும் அதே விதிதான். ஆசிரியர் அதில் மட்டும் தவறவே மாட்டார், யார்க்‌ஷரில் பாஸ்டன் ஸ்பாவில் இருக்கிற அலுவலகத்துக்குத் தானே தபாலில் அனுப்பிவைப்பார். பக்கம் தள்ளிப்போன அந்த இதழையாவது அனுப்பாமல் விடுங்களேன் என்று கேட்டுப் பார்த்தேன். ஏற்கெனவே ஸ்டாம்ப் ஒட்டியாயிற்று என்றார்.