800 மீட்டருக்கு 35 கிலோமீட்டரா?

நேத்து நைட்டு தூக்கம் வராம 1960 ரோம் ஒலிம்பிக்ஸ் 800 மீட்டர் ரேஸ் பாத்துட்டு இருந்தேன். நியூசிலாந்து பீட்டர் ஸ்னெல் கடைசி சில அடியில பெல்ஜியத்து ரோஜர் மோயன்ஸ தாண்டி தங்கம் அடிச்சாரு, அன்னைக்கே 5000 மீட்டர்ல இன்னொரு நியூசிலாந்துக்காரரு மர்ரே ஹால்பர்க்கும் தங்கம், ரெண்டு பேருக்கும் கோச் ஒரே ஆளு, ஆர்தர் லிடியார்ட். ஷூ ஃபேக்டரில வேலை பாத்தவரு!

அவரு மெத்தடு என்னன்னா, முதல்ல பல வாரம் சும்மா தூரம் ஓடணும், வாரத்துக்கு 160 கிலோமீட்டர், ஞாயித்துக்கிழமை மலைரோட்டுல 35 கிலோமீட்டர், 800 ஓடுறவனுக்கும் அதேதான். அப்புறம் மேட்டுல தாவித்தாவி ஏறுறது, அது முடிஞ்சாதான் ட்ராக்குல ஸ்பீடு. ரெண்டு நிமிஷம் கூட ஆகாத ரேஸுக்கு இதெல்லாம் எதுக்குன்னு தோணும்ல? ஆனா 800ல செலவாகுற சக்தில பாதிக்கு மேல ஆக்சிஜன் வழியாதான் வருது, அந்த அஸ்திவாரம் இருந்தா கடைசி 100ல மத்தவன் தள்ளாடும்போது நமக்கு இன்னும் கால்ல கொஞ்சம் மிச்சம் இருக்கும். இதையெல்லாம் மனுஷன் முதல்ல தன் உடம்புலயே பரிசோதிச்சு பாத்தாராம், கிறுக்குதான் 😄

1962ல ஸ்னெல் புல்லு ட்ராக்குல 800 மீட்டர 1 நிமிஷம் 44.3 செகண்டுல ஓடி உலக சாதனை. புல்லுலங்க!