அக்கா மகளும் ப்ரீ-மெட்டும்
டெக்சாஸில் இருக்கும் அக்கா மகளுக்கு டாக்டராக வேண்டும், ஒரு மாதமாக எந்தக் கல்லூரி என்பதே பேச்சு. நம் ஊர் மாதிரி பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் எம்பிபிஎஸ் கிடையாது அங்கே. பெரும்பாலும் 4 வருடப் பட்டம், எம்கேட் என்கிற மருத்துவ நுழைவுத் தேர்வு, அப்புறம்தான் 4 வருட மருத்துவப் படிப்பு. ப்ரீ-மெட், அதாவது மருத்துவப் படிப்புக்கு முன்னால் செய்யும் தயாரிப்பு, தனிப் பட்டமே இல்லை, வரலாறு எடுத்துக்கூட உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்களை முடித்து விண்ணப்பிக்கலாம். பேருக்காக ஒரு பெரிய இடத்தில் சேர்ந்து ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) சரிந்துவிட்டால் அதை மீட்பது ரொம்பக் கஷ்டம். அதனால் கடன் குறைவாக, பேராசிரியரை நேரில் பிடித்துச் சந்தேகம் கேட்க முடிகிற, பக்கத்திலேயே மருத்துவமனை உள்ள இடமாகப் பார் என்றேன். நேற்று ராத்திரி போன் செய்து, "சித்தி, வீட்டுப் பக்கத்து அரசுப் பல்கலைக்கழகத்தையே முடிவு பண்ணிட்டேன்" என்றாள். அவ்வளவு நிம்மதி எனக்கு.