வகுப்புக்கு முந்தின ராத்திரி ஒரு கேள்வி

ஈ-லேர்னிங் என்று யாராவது பேச்செடுத்தால் போதும், எங்கள் ஸ்டாஃப் ரூம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். ஒரு கட்சிக்கு அது கொரோனாவோடு ஒழிந்திருக்க வேண்டிய சனியன், "கேமராவை அணைச்சு வச்ச அறுபது பேருக்கு கூகுள் மீட்ல பாடம் நடத்தினோமே, அது பத்தாதா" என்பார்கள். இன்னொரு கட்சி, கல்லூரிக்குத் தரம் போடுகிற நாக் கமிட்டிக்கு ஃபைல் தயார் செய்கிறவர்கள், எத்தனை வீடியோ ஏற்றினீர்கள், எத்தனை பேர் பார்த்தார்கள், ஸ்க்ரீன்ஷாட் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எனக்கு இரண்டிலும் ஒட்டவில்லை. தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியலுக்குப் பாடம் எடுக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வீடியோ இதில் சின்ன விஷயம். நான் வகுப்புக்குள் காலை வைக்கும் முன்பே, பிள்ளைகள் எந்த இடத்தில் குழம்பிப்போய் வருகிறார்கள் என்று எனக்குக் காட்டிவிடுகிறதே, அதுதான் இந்த போனும் நெட்டும் வாத்தியாருக்குச் செய்கிற பெரிய உதவி.

என்னிடம் படிப்பவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி புரியாது. பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம், பாப்பிரெட்டிப்பட்டி என்று நாலா பக்கமிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள், சித்தேரி மலைப்பக்கத்திலிருந்தும் சிலர். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள்தான் அதிகம். சிலருக்கு அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலையில், பிள்ளை பாட்டியோடு ஊரில். வகுப்பு முடிந்த கையோடு துணிக்கடைக்கும் பெட்ரோல் பங்க்குக்கும் வேலைக்கு ஓடுகிறவர்கள் உண்டு, விடியக்காலையில் மண்டியில் தக்காளிக் கூடை இறக்கிவிட்டு அப்படியே முதல் பீரியடுக்கு வந்து உட்கார்கிறவனும் உண்டு. பள்ளியில் தமிழில் படித்துவிட்டு இங்கே ஆங்கிலப் புத்தகத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள். கையில் போன் இருக்கிறது, ஆனால் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, அதில் தம்பிக்கும் தங்கைக்கும் பங்கு போக மிச்சம் எவ்வளவோ அவ்வளவுதான். இவர்களிடம் போய் ஒரு மணி நேர வீடியோ பார்த்துவிட்டு வா என்று சொல்வது அநியாயம்.

அதனால் நான் அனுப்புவது ஒரே ஒரு கேள்வி. கூகுள் ஃபார்மில் ஒரு படம், நாலு விடை, அதன் கீழே "ஏன் அப்படி நினைக்கிறாய், இரண்டு வரியில் தமிழிலேயே எழுது" என்று ஒரு பெட்டி. ராத்திரி வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டால் காலையில் பஸ்ஸில் உட்கார்ந்தபடி பதில் போட்டுவிடுவார்கள். டேட்டா செலவு என்று சொல்லவே ஒன்றுமில்லை.

மின்சாரப் பாடத்துக்கு நான் எப்போதும் போடுகிற கேள்வி இது. ஒரே மாதிரி பேட்டரி மூன்று, ஒரே மாதிரி பல்பு ஐந்து. முதல் பேட்டரியில் ஒரு பல்பு மட்டும். இரண்டாவதில் இரண்டு பல்பு தொடர் இணைப்பில், அதாவது ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக. மூன்றாவதில் இரண்டு பல்பு பக்க இணைப்பில், அதாவது ஒவ்வொன்றும் பேட்டரியோடு தனித்தனிப் பாதையில். ஐந்தையும் வெளிச்சத்தின்படி வரிசைப்படுத்து. இதில் கணக்கே கிடையாது. ஓம் விதியை ஒன்பது தடவை மனப்பாடமாக ஒப்பிக்கிறவனும் இதில் விழுவான். இது என் சொந்தச் சரக்கும் இல்லை, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லில்லியன் மெக்டெர்மாட்டின் குழு பல வருஷம் மாணவர்களிடம் கேட்டுப் பார்த்த கேள்வி, அங்கே பல்கலைக்கழக மாணவர்களிலேயே ஏறக்குறைய 15 சதவீதம் பேர்தான் சரியாகச் சொன்னார்கள், அதுவும் பாடம் நடத்துவதற்கு முன்னும் பின்னும் பெரிய வித்தியாசம் இல்லாமல். அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

ஃபார்மைத் திறந்து பார்த்தால் குழப்பம் பெரும்பாலும் இரண்டு வகையாகத்தான் வந்து நிற்கும். தொடர் இணைப்பில் முதல் பல்பு அதிகமாக எரியும், ஏனென்றால் கரண்ட் அதற்குத்தான் முதலில் வருகிறது, அது எடுத்துக்கொண்டது போக மீதிதான் இரண்டாவதற்கு. பக்க இணைப்பில் இரண்டும் பாதிப் பாதியாக மங்கும், ஏனென்றால் பேட்டரி ஒரே அளவு கரண்ட்தான் தரும், அதை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீர் வாய்க்காலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இப்படி யோசிப்பதில் தப்பு சொல்ல முடியாது, தலைமடைக்காரன் எடுத்தது போகத்தானே கடைமடைக்கு. கரண்ட் அப்படிச் செலவாகிப் போவதில்லை, ஒரே பாதையில் எங்கே அளந்தாலும் ஒரே அளவு, பேட்டரி தன்னால் முடிந்தவரை மாறாமல் வைத்திருப்பது வோல்டேஜைத்தான், எத்தனை ஆம்பியர் போக வேண்டும் என்பதை முழுச் சுற்றும் சேர்ந்து தீர்மானிக்கிறது. தனி பல்பும் பக்க இணைப்புப் பல்புகள் இரண்டும் ஒரே வெளிச்சம், தொடர் இணைப்பில் இருக்கிற இரண்டும் மங்கல், ஆனால் தங்களுக்குள் சமம்.

இதை நான் போர்டில் எழுதினால் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையிலும் எழுதுவார்கள், நம்பமாட்டார்கள். ஆகவே விடையைச் சொல்வதில்லை. ராத்திரி வந்த காரணங்களில் மூன்றை, யார் எழுதியது என்று சொல்லாமல், போர்டில் போட்டுவிடுவேன். கை தூக்கச் சொல்லி எண்ணிக்கொள்வேன். அப்புறம் பக்கத்தில் இருக்கிறவனோடு சண்டை போடு, அவன் வேறு விடை வைத்திருந்தால் அவனை உன் பக்கம் இழு என்று விட்டுவிடுவேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கை. ஹார்வர்டில் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து இயற்பியல் வகுப்பில் செய்துவரும் முறை இது. ராத்திரியே பதில் வாங்கி, காலையில் அதற்கேற்ப வகுப்பை மாற்றிக்கொள்வது இன்னொரு ஆள் ஆரம்பித்தது, இண்டியானாபோலிஸில் கிரெகர் நோவக்கும் அவரோடு இருந்தவர்களும். அந்தக் கல்லூரிப் பிள்ளைகளும் ஹாஸ்டலில் தங்காமல் வெளியே வேலை பார்த்துக்கொண்டு வந்துபோகிறவர்கள்தான் என்று தெரிந்தபோது, சரி, இது நம்ம ஊருக்குத்தான் செய்தது என்று தோன்றியது.

இப்படி ஒரு நாள் சண்டை நடந்துகொண்டிருக்கும்போது பென்னாகரம் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்தான். "சார், பக்க இணைப்புல ஒண்ணு போட்டா இன்னொண்ணு மங்காதுன்னு சொல்றாங்க. எங்க ஊர்ல பக்கத்துத் தோட்டத்துல போர் மோட்டார் போட்டா எங்க வீட்டு லைட்டு மங்குது சார். வீட்டு லைனெல்லாம் பக்க இணைப்புதானே?" வகுப்பில் பாதிப்பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள், எல்லா ஊரிலும் அதே கதைதான். அன்றைக்கு நடத்த வேண்டியிருந்ததை மூடி வைத்துவிட்டு இதை எடுத்துக்கொண்டோம். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஊர்க்கோடி வரை வருகிற கம்பிக்கும் தடை இருக்கிறது. மோட்டார் கிளம்புகிற நேரத்தில் சாதாரணமாக ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு ஆம்பியர் இழுக்கும், அவ்வளவும் அந்தக் கம்பி வழியாகத்தான் வர வேண்டும், கம்பியிலேயே கொஞ்சம் வோல்ட் விழுந்துவிடும், மிச்சம்தான் உன் வீட்டுக்கு. கம்பிக்குத் தடையே இல்லை என்று புத்தகம் வைத்துக்கொள்கிறது, லோ வோல்டேஜ் ஊர் வைத்துக்கொள்வதில்லை. உள்தடை, அதாவது பேட்டரிக்கு உள்ளேயே இருக்கிற தடை, என்று நான் அடுத்த வாரம் நடத்த இருந்த பாடம் முழுக்க அந்தக் கேள்வியிலேயே வந்துவிட்டது. எந்த ஸ்டூடியோவில் எடுத்த வீடியோவிலும் இந்தக் கேள்வி வந்திருக்காது.

அதைக் கண்ணால் காட்டவும் வழி இருக்கிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்கள், நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன் 2002ல் ஆரம்பித்தது, முழுக்க இலவசம். அதில் மின்சுற்று கட்டிப் பார்க்கிற ஒன்று உண்டு: கம்பி, பேட்டரி, பல்பை இழுத்து ஒட்டினால் எரியும், எலக்ட்ரான்கள் ஊர்ந்து போவது தெரியும், ஓரத்தில் கம்பியின் தடையையும் பேட்டரியின் உள்தடையையும் கூட்டிக் குறைக்கிற ஸ்லைடர்கள் இருக்கும். கம்பித் தடையைக் கூட்டிவிட்டு இரண்டாவது பல்பைச் சேர்த்தால் முதல் பல்பு மங்குவதை அவர்களே பார்க்கலாம். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது, சில எம்பி அளவுள்ள ஒரே ஃபைலாக இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலே ஓடும். ஒருவன் இறக்கினால் போனிலிருந்து போனுக்கு வகுப்பு முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். மலைப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு சிக்னல் இல்லை என்கிற பேச்சே எழாது. லேபில் நிஜ பல்பும் மல்டிமீட்டரும் தொடுவதற்கு இது மாற்று இல்லை, கம்பி சரியாகச் செருகாமல் அரை மணி நேரம் தேடுகிற அனுபவம் ஸ்க்ரீனில் வராது. ஆனால் லேபுக்குப் போகும் முந்தின நாள் இதில் விளையாடிவிட்டு வருகிறவன் அங்கே வந்து திருதிருவென்று விழிப்பதில்லை.

வீடியோ பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003ல் தொடங்கிய என்பிடெல் வீடியோ பாடங்கள் அருமையானவை, எனக்கே பல சந்தேகம் அதில்தான் தீர்ந்தது. மத்திய அரசின் ஆன்லைன் படிப்புத் தளமான ஸ்வயம் 2017ல் வந்தபிறகு அந்தப் படிப்புகளை கிரெடிட்டாகவே எடுக்கலாம், பல்கலைக்கழகங்களுக்கு விதி போடுகிற யுஜிசி 2021ல் ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரைக்கும் அனுமதித்திருக்கிறது. படிப்பது இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக்குத் தனியாகக் கட்டணம் கட்டி மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். நல்ல பிள்ளைகள் இரண்டு மூன்று பேரை நானே பிடித்துத் தள்ளிவிடுவேன், ஐஐடியில் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு எழுத நினைக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல துணை இல்லை. மொத்த வகுப்பையும் அதில் சேர்த்துவிட்டு எண்ணிக்கை காட்டுவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை, வேகமான ஆங்கிலத்தில் ஒரு மணி நேரம், நடுவில் நிறுத்தி "புரியலை" என்று சொல்ல ஆள் கிடையாது. 2014ல் ஃபிலிப் குவோவும் இன்னும் இரண்டு பேரும் எட்எக்ஸ் என்கிற ஆன்லைன் படிப்புத் தளத்தில் 69 லட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்ட விவரத்தை வைத்து ஆராய்ந்தார்கள், ஆறு நிமிஷத்துக்குள் இருக்கிற வீடியோதான் கடைசி வரை தாங்குகிறது என்று வந்தது. அமெரிக்கக் கல்லூரிப் பாடங்களுக்கே அந்தக் கதி. நான் வீடியோ எடுப்பதில்லை, ஒரு கணக்கைப் பேப்பரில் போட்டு போட்டோ எடுத்து, கூடவே நம்ம பேச்சுத் தமிழில் சின்னதாக ஒரு வாய்ஸ் நோட். தறியிலோ பங்க்கிலோ நிற்கிறவன் காதில் மாட்டிக்கொண்டு கேட்டுக்கொள்வான்.

இதில் சிக்கல் இல்லாமல் இல்லை. சொந்தப் போன் இல்லாத பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், அண்ணன் போனில் வாட்ஸ்ஆப் வரும், ராத்திரி எட்டு மணிக்கு மேல் சார்கிட்டேயிருந்து மெசேஜ் என்றால் வீட்டில் பார்வையே வேறாகிவிடும். அதனால் கேள்வியை ராத்திரிக்கு முன்னாலேயே, மத்தியானம் வகுப்பு முடியும்போது போர்டிலும் எழுதிப் போட்டுவிடுவேன், காலையில் துண்டுச் சீட்டில் பதில் கொடுத்தாலும் கணக்குத்தான். தனிச் செய்தி கிடையாது, எல்லாம் குரூப்பில்தான், அதில் ஒரு பெண் ஆசிரியரும் இருப்பார். இன்டர்னல் மார்க்கையும் இதோடு முடிச்சுப் போடுவதில்லை. மார்க் என்றதும் ஒருவன் போட்ட விடையை எல்லோரும் போட்டுவிடுவார்கள், அப்புறம் எனக்கு வேண்டிய குழப்பம் எப்படிக் கண்ணில் படும்?

சாட்ஜிபிடி வந்தபிறகு கேள்வியைப் படம் பிடித்து அதனிடமே கேட்டு அழகான ஆங்கிலத்தில் பத்தியாக ஒட்டுகிறார்கள். அதற்கும் திட்டுவதில்லை. "இதை உன் பாட்டிக்குப் புரிகிற மாதிரி சொல்லு" என்று எழுப்பிவிட்டால் போதும், ஒட்டியதில் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று இரண்டே வாக்கியத்தில் தெரிந்துவிடும், சில சமயம் நன்றாகவே போயிருக்கிறது.

ஒரு தனியார் கல்லூரியில் வேலை பார்க்கும் நண்பர் சொன்னார், அங்கே லட்சக்கணக்கில் கொடுத்து ஒரு சாஃப்ட்வேர் வாங்கியிருக்கிறார்கள், எல்லோருக்கும் லாகின் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் அட்டெண்டன்ஸ் தவிர எதற்கும் யாரும் அதைத் திறப்பதில்லையாம். வாங்குவதற்கு முன்னால் பாடமும் கேள்வியும் நெட்டில் ஏற்றி நடத்த மூடுல் என்று ஒரு சாஃப்ட்வேர் 2002லிருந்து இலவசமாகவே கிடைக்கிறது என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மூடுல் போட்டிருந்தாலும் உள்ளே வைக்க நல்ல கேள்வி இல்லையென்றால் அதுவும் அட்டெண்டன்ஸுக்குத்தான் போகும். நல்ல கேள்வி தயார் செய்வதுதான் இதில் நேரம் பிடிக்கிற வேலை, தப்பான விடை ஒவ்வொன்றும் ஒரு உண்மையான குழப்பத்தைப் பிடிக்கிற மாதிரி அமைய வேண்டும், அதற்கு முந்தைய வருஷ பேப்பர்களில் பிள்ளைகள் எழுதிய தப்புகளைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

வருகிற செமஸ்டர் வெப்ப இயக்கவியல். வெப்பமும் வெப்பநிலையும் ஒன்று என்று நினைப்பதைப் பிடிக்க எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது: ஒரே அறையில் ராத்திரி முழுக்கக் கிடந்த எவர்சில்வர் தட்டையும் மரப்பலகையையும் தொட்டால் எது குளிர்ச்சி, எதன் வெப்பநிலை குறைவு. என்ட்ரோபிக்குத்தான் இன்னும் சரியாக ஒன்று அமையவில்லை. பாடம் எடுக்கிறவர்கள் யாராவது வைத்திருந்தால் கமென்ட்டில் போடுங்கள், தமிழில் இருந்தால் ரொம்ப நல்லது.