ரன்னர் ஓடும்போது அம்பயர் எங்கே பார்க்க வேண்டும்?

பேஸ்பாலின் தம்பியான ஃபாஸ்ட்பிட்ச் சாஃப்ட்பாலில் ஒரு பேஸிலிருந்து (ரன்னர் மிதித்து ஓட வேண்டிய இடம்) அடுத்ததற்கு 60 அடிதான். பெண்கள் ஆட்டத்தில் பந்து வீசும் பிட்சர் நிற்பது, பேட்டர் நின்று அடிக்கும் ஹோம் பிளேட்டிலிருந்து 43 அடியில். இந்தச் சின்ன இடத்துக்குள் நான்கு பேர்வரை ஒரே சமயத்தில் ஓடுவார்கள்; பெரும்பாலான ஆட்டங்களில் பார்க்க இருப்பதோ இரண்டே அம்பயர்கள். கூச்சலில் முடிகிற தீர்ப்புகளைக் கிளறிப் பார்த்தால் காரணம் அநேகமாக ஒன்றுதான்: கண் பந்தின் பின்னாலேயே போயிருக்கும், ரன்னரின் காலைப் பார்க்க ஆள் இருந்திருக்காது.

முதல் சோதனை பந்து வீசப்படும்போதே வந்துவிடும். பிட்சரின் கையைவிட்டுப் பந்து கிளம்பும்வரை ரன்னரின் கால் பேஸில் இருக்க வேண்டும். முன்னாலேயே கிளம்பினால் உடனே டெட் பால் (பந்து செத்தது, ஆட்டம் நிற்கும்), அந்த வீச்சு கணக்கில் இல்லை, ரன்னர் அவுட். பிட்சரின் கையும் ரன்னரின் காலும் ஒரே பார்வையில் விழுகிற மாதிரி பேஸ் அம்பயர் நின்றால்தான் இதைப் பிடிக்க முடியும். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவருக்கு எல்லா ரன்னரும் முன்னதாகவே கிளம்பியதாகத்தான் தோன்றும்.

அடுத்தது லுக்-பேக் விதி. புதிய அம்பயர்கள் அதிகம் திணறுவது இதில்தான். பிட்சரைச் சுற்றி 8 அடி ஆரத்தில் ஒரு வட்டம் உண்டு. அதற்குள் பந்தோடு பிட்சர் நிற்கிறார், பேட்டர் முதல் பேஸைத் தொட்டுவிட்டார் அல்லது அவுட் ஆகிவிட்டார் என்றால் விதி அமலுக்கு வந்துவிட்டது. அந்த நொடியில் பேஸுக்கு வெளியே சும்மா நிற்கும் ரன்னர் உடனே முன்னாலோ பின்னாலோ போக வேண்டும். ஓடிக்கொண்டிருப்பவர் ஒருமுறை நிற்கலாம். நின்றதும் தாமதிக்காமல் ஒரு பக்கம் முடிவெடுக்க வேண்டும். எடுத்த முடிவை மாற்றித் திரும்பினால் அவுட். பேஸில் வந்து நின்றபின் மறுபடி காலை எடுத்தாலும் அவுட். பந்தை பிட்சர் கையில்தான் வைத்திருக்க வேண்டும் என்றில்லை. கக்கத்தில் இடுக்கியிருந்தாலும் அவர் வசம்தான். ஆனால் எறியப்போவதுபோல் கையை ஓங்கினாலே அது ‘பிளே’, அதாவது ரன்னரை அவுட் ஆக்கும் முயற்சி. அப்போது ரன்னருக்குக் கட்டு இல்லை. அதனால் ரன்னர் அசைந்ததும் வாயைத் திறக்காதீர்கள். பிட்சரின் கை முதலில் அசைந்ததா என்று மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இரண்டு ரன்னர்கள் ஒரே சமயத்தில் மீறினாலும் கிடைப்பது ஒரு அவுட்தான், முதல் அவுட்டோடு பந்து செத்துவிடுகிறது.

ரன் கணக்கு இதைவிட வில்லங்கம். ஒரு அவுட், முதல் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் ரன்னர்கள். ரைட் ஃபீல்டுக்கு உயரமாகப் போன பந்து பிடிபடுகிறது. மூன்றாம் பேஸ்காரர் பந்து பிடிபடும்வரை காத்திருந்து ஓடி ஹோம் பிளேட்டை மிதிக்கிறார். முதல் பேஸ்காரர் காத்திருக்காமல் கிளம்பியவர். அவர் திரும்புவதற்குள் பந்து முதல் பேஸுக்கு வந்து மூன்றாவது அவுட். ரன் உண்டா? பந்தோடு பேஸைத் தொட்டு எடுத்த அவுட் என்பதால் ஃபோர்ஸ், ரன் கிடையாது என்று பெஞ்சிலிருந்து சத்தம் வரும். தவறு. பின்னால் வரும் பேட்டருக்கு இடம் விட வேண்டியிருந்தால்தான் ஃபோர்ஸ். இங்கே பேட்டர் பிடிபட்டு வெளியேறிவிட்டார், யாரையும் யாரும் தள்ளவில்லை. எது முந்தியது என்பதே கேள்வி: கால் பிளேட்டை மிதித்ததா, அவுட் விழுந்ததா? பிளேட் அம்பயர் இரண்டையும் ஒரே கோட்டில் பார்க்கும் இடத்துக்கு நகர்ந்திருக்க வேண்டும். தீர்ப்பையும் ஸ்கோரருக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டும்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. இரண்டு அவுட், எல்லா பேஸிலும் ஆள். நல்ல அடி, இரண்டு பேர் ஹோம் வந்தாயிற்று. முதல் பேஸிலிருந்து ஓடியவர் இரண்டாம் பேஸை மிதிக்காமல் தாண்டியிருக்கிறார். எதிரணி அப்பீல் செய்தால் அது ஃபோர்ஸ் அவுட். முன்னால் வந்த இரண்டு ரன்னும் போச்சு.

அப்பீல் கேட்டால்தான் இந்த அவுட். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. மிதிக்காமல் போனதைப் பார்த்த அம்பயர் முகத்தில்கூடக் காட்டக்கூடாது. அடுத்த பந்து வீசப்படுவதற்குள் கேட்க வேண்டும். பந்து செத்திருந்தால் இன்ஃபீல்டர் (பேஸ்களை ஒட்டி நிற்கும் ஃபீல்டர்) வாயால் சொன்னாலே போதும். மூன்று அவுட் ஆனபிறகும் ஒரு ரன்னை அழிக்க நாலாவது அவுட்டைக் கேட்கலாம் என்பதால், இன்ஃபீல்டர்கள் மைதானத்தைவிட்டு வெளியேறும்வரை முதுகைத் திருப்பாதீர்கள்.

ஃபீல்டர் எறிந்த பந்து எல்லைக்கு வெளியே போனால் ரன்னருக்கு இரண்டு பேஸ். எங்கிருந்து எண்ணுவது? பந்து எறிபவரின் கையைவிட்ட நொடியில் ரன்னர் கடைசியாகத் தொட்டிருந்த பேஸிலிருந்து. பேஸ்பாலில் இன்ஃபீல்டரின் முதல் எறிக்குப் பிட்ச் வீசிய நேரத்திலிருந்து கணக்கு. அங்கிருந்து வந்த அம்பயர்கள் சறுக்கும் இடம் இது. முதல் பேஸுக்குத் திரும்பி ஓடிக்கொண்டிருப்பவருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் உலவுகிறது. விதியில் அப்படி எதுவும் இல்லை. அவருக்கு மூன்றாம் பேஸ் உண்டு. ஆனால் முதல் பேஸைத் திரும்ப மிதித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

கையில் பந்தில்லாமல் ரன்னரின் வழியில் நிற்பது அப்ஸ்ட்ரக்‌ஷன். இடது கையைப் பக்கவாட்டில் நீட்டி முஷ்டியை மடக்குங்கள், ஆட்டம் ஓடட்டும். தடை இல்லாவிட்டால் அவர் எந்த பேஸ்வரை போயிருப்பார் என்பதை அப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள், டேக் (பந்தோடு ரன்னரைத் தொடுவது) விழுந்தபிறகு யோசித்தால் பார்த்த காட்சி தீர்ப்பை வளைத்துவிடும். இது இலவச பேஸ் அல்ல. முதல் பேஸைச் சுற்றும்போது இடிபட்டவர் இரண்டாம் பேஸ் அருகே டேக் ஆனால் அவுட் கிடையாது. ஆனால் இடிபடாமல் இருந்தாலும் முதல் பேஸ்தான் என்று தோன்றினால் அங்கேயே திருப்பி அனுப்புங்கள். பேஸை மிதிக்காமல் விட்டாலோ முன்னால் ஓடுபவரைத் தாண்டினாலோ இந்தப் பாதுகாப்பு உதவாது.

முதல் பேஸின் இரட்டைப் பலகையில் வெள்ளை ஃபீல்டருக்கு, ஆரஞ்சு ஓடிவரும் பேட்டருக்கு. ஓடித் தாண்டியபின் திரும்பி நிற்பது வெள்ளையில்தான்.

கடைசியாக, மூன்றாம் பேஸில் இரண்டு பேர் நிற்கும் காட்சி. ஃபோர்ஸ் இல்லையென்றால் பேஸ் முன்னவருக்குச் சொந்தம்; பின்னவர் மேல் டேக் பட்டால் அவர் அவுட். ஃபீல்டர் இருவர்மேலும் தட்டுவார். வெறுமனே கையை உயர்த்தி “அவுட்!” என்று கத்தினால், நிற்க உரிமையுள்ளவர் தான்தான் அவுட் என்று நினைத்து பேஸைவிட்டு இறங்குவார், இரண்டாவது டேக்கில் அவரும் போவார். பின்னவரை விரலால் சுட்டிக்காட்டுங்கள். அதற்கப்புறம் கையை உயர்த்துங்கள்.