விரல் ரேகை விழாத நவம்பர்

மத்திய அரசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு நவம்பர் வந்தால் ஒரு வேலை காத்திருக்கும். உயிரோடுதான் இருக்கிறோம் என்று சான்று கொடுக்க வேண்டும். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் 1-ம் தேதியிலிருந்தே கொடுக்கலாம். எனக்கு 71, ஆகவே நவம்பர்தான். மயிலாடுதுறையில் அது மழைக்காலம். காவிரித் துலாக்கட்டத்தில் ஐப்பசி முழுக்குக்குக் கூட்டம், வங்கி வாசலில் எங்கள் கூட்டம்.

இந்தச் சான்று கேட்பதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நான் அஞ்சல் துறையில் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பணம் பட்டுவாடா செய்தவள். வாங்குகிறவர் போய்ச் சேர்ந்த பிறகும் பணம் போய்க்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று தெரியும். "நான் செத்துட்டேனான்னு கேக்கறாங்க" என்று சிலர் புலம்புவது எனக்குச் சலித்துப்போன பேச்சு.

போன வருடம் என் விரல் ரேகை கருவியில் விழவில்லை. வங்கியில் ஒரு சின்னக் கருவியை நீட்டி விரலை வைக்கச் சொன்னார்கள். வலது பெருவிரல், ஆள்காட்டி விரல், அப்புறம் இடது கை. ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்கு. ஈரத்துணியில் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார்கள். தலையில் தடவிக்கொண்டு வைக்கச் சொன்னார்கள், எண்ணெய்ப்பசை ஏறினால் விழுமாம். பின்னால் நின்ற ஒருவர் ஊதிவிட்டு வைக்கச் சொன்னார். அதையும் செய்தேன்.

வயதானால் தோல் வறண்டு, மெலிந்து, ரேகையின் மேடு பள்ளம் தட்டையாகிவிடுகிறது. வீட்டிலும் வயலிலும் உழைத்த கை என்றால் இன்னும் சீக்கிரம் தேயும். நான் வேலையில் இருந்தவரை பகலில் முத்திரை குத்தி ரூபாய் எண்ணினேன், காலையிலும் மாலையிலும் பாத்திரம் தேய்த்தேன். தேய்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

எனக்குச் சுருக்கென்று தைத்தது வேறு விஷயம். கூட வந்திருந்தவள் என் அண்ணன் பேத்தி, கல்லூரியில் படிக்கிறாள். மழை என்பதால் துணைக்கு வந்தாள், அவ்வளவுதான். கவுன்ட்டரில் இருந்த பையன் முதல் சிவப்பு விளக்குக்குப் பிறகு என்னைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். அவளிடம் சொன்னான்: "பாட்டிக்கு ரேகை விழல. ஆதார் அப்டேட் பண்ணிட்டுக் கூட்டிட்டு வாங்க." பாட்டி எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். காது நன்றாகவே கேட்கிறது. "தம்பி, என்னிடமே சொல்லலாமே" என்றேன். "சரிங்க பாட்டி" என்று சிரித்துவிட்டு மறுபடி அவள் பக்கம் திரும்பி, "பாட்டியோட போன் நம்பர் லிங்க் ஆயிருக்கா?" என்றான்.

அவன் கெட்ட பையன் இல்லை. அன்று அவன் முன்னால் எத்தனையோ கிழங்கள், எல்லோருக்கும் ஒரு துணை. துணையிடம் சொன்னால் வேலை சீக்கிரம் முடியும் என்று பழகியிருக்கிறான். ஆனால் இந்தக் காலத்தில் மூப்பு எனக்கு முதலில் உறைத்தது முழங்காலில் இல்லை, இப்படித்தான். மருத்துவரும் மகனிடம் பேசுகிறார், ஜவுளிக்கடைப் பெண்ணும் மருமகளிடம் பேசுகிறாள். நம்மைப் பற்றி, நமக்கு முன்னாலேயே.

முன்பு முதியோர் உதவித்தொகை மணியார்டரில் வரும். கையெழுத்துத் தெரியாத ஆயாக்களிடம் மையைத் தடவிக் கைநாட்டு வாங்கி, பக்கத்தில் ஒரு சாட்சிக் கையெழுத்துப் போட்டால் பணம் கையில். ரேகை தெளிவாக விழுந்ததா என்று யாரும் பார்த்ததில்லை. தபால்காரருக்கு ஆயாவைத் தெரியும், அது போதும். அதிலும் திருட்டு இருந்தது, ஆயா கைக்குப் போகும் முன் அஞ்சு பத்து குறைந்த கதைகள் எனக்குத் தெரியும். அதனால் அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆயாவிடம்தான் பேசினோம்.

விரல் ரேகை விழாவிட்டாலும் வழி உண்டு. படிவத்தில் கையெழுத்துப் போட்டு வங்கி அதிகாரி முன்னால் நேரில் கொடுக்கும் பழைய முறை இன்னும் செல்லும், விதி அதைத் தடுக்கவில்லை. அதைக் கேட்டபோது, "இப்ப எல்லாம் டிஜிட்டல்தான்" என்றார்கள், இதையும் பேத்தியிடம். மல்லுக்கட்டியிருக்கலாம். அஞ்சல் துறையின் பேமெண்ட்ஸ் வங்கி மூலம் தபால்காரரே வீட்டுக்கு வந்து சான்று எடுப்பார், கட்டணம் 70 ரூபாய். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு அதுதான் நல்லது. ஆனால் அதற்கும் ஒரு ஆளை எதிர்பார்க்க வேண்டும். எனக்கு நானே செய்ய வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது.

ஜீவன் பிரமாண் என்ற இந்த டிஜிட்டல் சான்று 2014 நவம்பரில் வந்தது. முகத்தைக் காட்டியே சான்று எடுக்கும் வசதி 2021 நவம்பரில் சேர்ந்தது. ஆண்ட்ராய்டு போன் போதும், விரல் வைக்கும் கருவி வேண்டாம். இரண்டு செயலிகளை இறக்க வேண்டும்: ஒன்று ஜீவன் பிரமாண், இன்னொன்று ஆதார் ஃபேஸ் ஆர்டி. இரண்டாவது செயலியைத் தேடித் திறக்கப் பார்த்தால் திறக்காது. அதற்குத் தனியாகப் படமே வராது, உள்ளே இருந்து வேலை செய்யும். அது இறங்கவேயில்லை என்று நினைத்து எத்தனை பேர் கைவிட்டார்களோ!

முதலில் 'ஆபரேட்டர்' என்று ஒருவரைப் பதிவு செய்யச் சொல்லும். அது யாரோ அதிகாரி இல்லை, போனை இயக்குகிறவர், அவ்வளவுதான். பென்ஷன்காரரே ஆபரேட்டராக இருக்கலாம். பேத்தி தன் பேரைப் போட வந்தாள், வேண்டாம் என்றேன். ஆதார் எண், கைபேசி எண், மின்னஞ்சல், ஓடிபி, அப்புறம் முகம். அது முடிந்ததும் பென்ஷன்காரர் என்ற முறையில் மறுபடி அதே நான். பென்ஷன் எந்த வகை, அனுமதித்த அலுவலகம், கொடுக்கும் வங்கி, பிபிஓ எண் (பென்ஷன் ஆணையின் எண்), கணக்கு எண். மறு வேலையில் சேர்ந்தாயா, மறுமணம் செய்துகொண்டாயா என்றும் கேட்கும். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பேத்தி சிரித்த சிரிப்பில் போன் ஆடிவிட்டது.

முகம் எடுக்கும் இடம்தான் பொறுமை கேட்கும். கண்ணைச் சிமிட்டச் சொல்லும். நான் சிமிட்டினால் அதற்குப் போதவில்லை. கண்ணாடியைக் கழற்றினால் திரையில் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே மழை இருட்டு வேறு. வாசல் திண்ணைக்குப் போய், வெளிச்சம் முகத்தில் விழும்படி, வெறும் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து, வட்டம் பச்சையானதும் கண்ணை அழுத்தி மூடித் திறந்தேன். எடுத்துக்கொண்டது. விரலைத் தெரியாத அதே ஆதாருக்கு இந்தச் சுருக்கம் விழுந்த முகத்தைத் தெரிந்திருந்தது!

கைபேசிக்குப் பிரமாண் எண்ணோடு, அதாவது சான்றின் எண்ணோடு, குறுஞ்செய்தி வரும். அதோடு முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. சான்று உருவாகிவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம், வங்கி ஏற்றுக்கொண்டதா என்பது வேறு. பிபிஓ எண்ணிலோ கணக்கு எண்ணிலோ ஓர் இலக்கம் மாறினாலும் சிக்கல்தான். சில நாள் கழித்து வங்கியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

தேதி தாண்டிவிட்டால் என்ன என்று பயப்படுகிறவர்களுக்கு எங்கள் ஊர்க் கதை ஒன்று போதும். ஐப்பசி கடைசி நாள் கடைமுழுக்குக்கு வந்து சேர முடியாத முடவன் ஒருவனுக்காகக் கார்த்திகை முதல் தேதியையும் சாமி சேர்த்துக் கொடுத்தாராம், அதுதான் முடவன் முழுக்கு. பென்ஷனும் அப்படித்தான். நவம்பரில் கொடுக்காவிட்டால் நிற்குமே தவிர, போய்விடாது. சான்று போய்ச் சேர்ந்ததும் நின்ற மாதங்களுக்கும் நிலுவையாக வந்துவிடும்.

பென்ஷன் கவலை தீர்ந்தது. ரேஷன் கடையில்தான் இன்னும் விரலைக் கேட்கிறார்கள். ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்கப் போக வேண்டும், மழை விடட்டும் என்று இருக்கிறேன். பேத்திக்குத் தேர்வு நேரம். இந்தத் தடவை தனியாகத்தான் போகப் போகிறேன். பேச வேண்டியதை என்னிடம்தான் பேசியாக வேண்டும், வேறு ஆள் இருக்க மாட்டார்.