கீபோர்டைத் தொட்டால்தான் எழும் சர்வர்

அலுவலகத்தில் பேக்கப்புக்கென்றே ஒரு பழைய கோர் 2 டியோ மெஷின் உண்டு. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எதுவும் கிடையாது. யுபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பவர் கேபிளும் ஒரு நெட்வொர்க் கேபிளுமாக உட்கார்ந்திருக்கும். ராத்திரியானால் மற்ற மெஷின்கள் எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்தே ஒரு மெஷினுக்குள் நுழையும் வழி) வழியாக ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரலைப் போட்டு அன்றைய கோப்புகளை இதில் கொட்டிவிட்டுப் போகும். 2019 கடைசியில் அதிலிருந்த டெபியன் லினக்ஸை 9-லிருந்து 10-க்கு ஏற்றினேன். ஹார்ட் டிஸ்க்கும் முனக ஆரம்பித்திருந்ததால், கையோடு ஒரு எஸ்எஸ்டியும் போட்டாயிற்று.

மேசையில் வைத்துப் பார்த்தபோது எல்லாம் சுத்தமாக ஓடியது. மூலைக்குப் போனதும் வம்பு ஆரம்பித்தது. கரண்ட் போய் வந்த மறுநாள் காலை பேக்கப் ஒன்றும் வந்திருக்காது. எஸ்எஸ்எச் போட்டால் ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’. ‘நெட்வொர்க்கில் இருக்கிறாயா’ என்று கேட்கும் பிங்குக்கு மட்டும் ஜோராகப் பதில் சொல்லும். சரி, என்னவென்று பார்ப்போம் என்று மானிட்டரையும் கீபோர்டையும் தூக்கிக்கொண்டு போய்ச் செருகினால் லாகின் கேட்டுக்கொண்டு நிற்கும். பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டி உள்ளே போய்ப் பார்த்தால் எஸ்எஸ்எச் ஓடிக்கொண்டிருக்கும்! டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் காணாமல் போகிற பல்வலி மாதிரி.

பழைய மெஷின்களில் கீபோர்டு இல்லையென்றால், மெஷினை முதலில் எழுப்பும் பயாஸே ‘எஃப்1 அழுத்து’ என்று அடம்பிடிப்பது உண்டு. ஆனால் பிங்குக்குப் பதில் வருகிறதென்றால் பயாஸைத் தாண்டி, லினக்ஸின் கருவான கெர்னல் எழுந்து, நெட்வொர்க்கும் வந்துவிட்டது என்று அர்த்தம். அதனால் அதை முதலிலேயே தள்ளிவிட்டேன். அடுத்து, எந்தக் கெர்னலை எழுப்புவது என்று பூட்டின்போது கேட்கும் கிரப் மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய்ப் பழைய 4.9 கெர்னலைத் தேர்ந்தெடுத்து, கீபோர்டைப் பிடுங்கிவிட்டுக் காத்திருந்தேன். எஸ்எஸ்எச் உடனே வந்தது. புதிய 4.19-ல் வரவில்லை. பூட் சிக்கல் எதுவானாலும் நான் முதலில் செய்வது இதைத்தான். மற்றதெல்லாம் அப்படியே இருக்க, கெர்னல் மட்டும் மாறினால் என்ன ஆகிறது என்று ஒரே ரீபூட்டில் தெரிந்துவிடும். இதற்காகவாவது பழைய கெர்னல் ஒன்றை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் கிரப் அமைப்பில் ‘கொயட்’ என்ற சொல்லை எடுத்துவிட்டேன். அது இருந்தால் கெர்னல் பேசுவதில் பாதி திரைக்கே வராது. மானிட்டரை மட்டும் மாட்டி ரீபூட் செய்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வரிகள் விறுவிறுவென ஓடின, லாகின் வந்தது, அதோடு சரி. பக்கத்து லேப்டாப்பிலிருந்து முயன்றால் இன்னும் ‘ரெஃப்யூஸ்டு’தான். நல்ல நேரம் அப்படியே விட்டுவிட்டு, கீபோர்டைச் செருகி ஷிஃப்ட் கீயை மட்டும் டொக் டொக் என்று தட்டினேன். எதையும் டைப் செய்யவில்லை. சில நொடிகளில் லாகின் வரிக்கு மேலேயே கெர்னல் ஒரு வரியைத் துப்பியது: ‘ரேண்டம்: சிஆர்என்ஜி இனிட் டன்’. ரேண்டம் எண் தரும் பகுதி தயார் என்று அர்த்தம். லேப்டாப்பில் எஸ்எஸ்எச் திறந்துகொண்டது.

ஆக, மெஷின் தொங்கவில்லை, காத்துக்கொண்டிருந்தது. கீ தட்டும் நேர இடைவெளி, மவுஸ் அசைவு, டிஸ்க் வேலை, சாதனங்கள் சிபியுவை அழைக்கும் இன்டரப்ட் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதவற்றைச் சேர்த்துத்தான் கெர்னல் தன் ரேண்டம் எண்களுக்கு விதை எடுக்கிறது. இதற்கு என்ட்ரோபி என்று பெயர். போதிய விதை சேர்வதற்கு முன்பே ‘தயார்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது ஒரு பாதுகாப்பு ஓட்டை என்று 2018-ல் கண்டுபிடித்து, 4.17 கெர்னலில் அதை இறுக்கினார்கள். அதன்பின் ‘கெட்ராண்டம்’ என்று கேட்கிற எந்த நிரலும், விதை முழுசாகச் சேரும்வரை நின்றே ஆக வேண்டும். எஸ்எஸ்எச் சர்வர் கிளம்பும்போதே அதைத்தான் கேட்கிறது. என் மெஷினிலோ கீபோர்டு இல்லை, மவுஸ் இல்லை. சுழலும் டிஸ்க்கிலிருந்து விதை எடுக்கும் கெர்னல், எஸ்எஸ்டி என்றால் அந்தக் கணக்கைத் தானாகவே நிறுத்திவிடும். நான் ஆசையாகப் போட்ட எஸ்எஸ்டி அந்த வழியையும் அடைத்துவிட்டது.

போன தடவை அணைக்கும்போது சேமித்த விதையை, சேவைகளைக் கிளப்பிவிடும் சிஸ்டம்டி அடுத்த பூட்டில் திருப்பித் தருமே என்று கேட்கலாம். தருகிறது, கெர்னலும் கலந்துகொள்கிறது. ஆனால் கணக்கில் வரவு வைக்காது. ஒரே டிஸ்க் இமேஜைப் பத்து மெஷினில் நகலெடுத்திருந்தால் பத்துக்கும் ஒரே விதை என்றாகிவிடுமே! எரிச்சலாக இருந்தாலும் நியாயம்தான்.

இந்த வம்பு எனக்கு மட்டும் வந்ததில்லை. டெபியன் 10-இன் வெளியீட்டுக் குறிப்பிலேயே, பூட் நிமிடக்கணக்கிலிருந்து மணிக்கணக்கு வரை நிற்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். அதே 2019-இல், 5.3 கெர்னல் வெளிவரும் தறுவாயில் இன்னொரு கூத்து. இஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமையில் டிஸ்க் வாசிப்பைக் குறைத்து வேகமாக்கிய ஒரு மாற்றத்தால் பூட்டின்போது டிஸ்க் வேலை குறைந்து, அதனால் என்ட்ரோபியும் குறைந்து, ஒருவருடைய லேப்டாப் பூட்டிலேயே நின்றுவிட்டது. மாற்றத்தில் தவறே இல்லை என்று தெரிந்தும், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதைத் திரும்பப் பெற்றார். பயனருக்கு ஓடிக்கொண்டிருந்தது நிற்கக் கூடாது என்பதில் அவர் எப்போதும் கறார். அடுத்து வந்த 5.4-இல், விதை போதாவிட்டால் சிபியு ஓட்டத்தின் நேரச் சிறு பிசகுகளிலிருந்து கெர்னலே அதைத் தயாரித்துக்கொள்ளும்படி செய்தார்கள்.

எனக்கு அப்போது கையிலிருந்தது 4.19. சிபியுவையே நம்பி விதை வாங்க ஒரு பூட் அளவுரு உண்டு, ஆனால் அதற்கு ஆர்டிராண்ட் என்ற கட்டளை வேண்டும். இன்டெலில் அது 2012-இன் ஐவி பிரிட்ஜிலிருந்துதான். கோர் 2 டியோவுக்கு அந்தப் பேச்சே இல்லை. எனவே ‘ஹேவ்ஜ்டு’ என்ற சின்ன நிரலை நிறுவினேன். அது பூட்டின் ஆரம்பத்திலேயே எழுந்து விதையைத் தந்துவிடுகிறது. ரீபூட் செய்து, கீபோர்டு இல்லாமல் விட்டேன். எஸ்எஸ்எச் மறுபேச்சில்லாமல் வந்தது.

2021-இல் டெபியன் 11 வந்தபோது கெர்னல் 5.10 ஆனது. ஹேவ்ஜ்டைக் கழற்றிப் பார்த்தேன், அது இல்லாமலேயே எழுகிறது. வெர்ச்சுவல் மெஷினில் இதே தொல்லை வந்தால் ஹேவ்ஜ்டு வரை போக வேண்டாம். அதைத் தாங்கும் நிஜ மெஷினான ஹோஸ்டிலிருந்து, ரேண்டம் விதை தரும் ஒரு ‘விர்ட்டியோ ஆர்என்ஜி’ சாதனத்தைச் சேர்த்துக் கொடுத்தால் போதும்.