ஆரஞ்சு விற்ற பெண்ணின் தெருவில்

லண்டனில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஓய்வு நாள். அதை பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேய நடிகை நெல் க்வின்னுக்கு என்று முன்பே ஒதுக்கி வைத்திருந்தேன். யாரிடம் பேர் சொன்னாலும் "இரண்டாம் சார்லஸ் மன்னரின் ஆசைநாயகிதானே?" என்கிறார்கள். எனக்கு அது முக்கியமில்லை. அவர் மேடையில் நின்ற அந்த ஆறு வருடங்கள்தான் முக்கியம்.

கோவென்ட் கார்டன் ஸ்டேஷனில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் ட்ரூரி லேன். கடைகள், காப்பி வாசனை, டெலிவரி சைக்கிள்கள். இந்தத் தெருவில்தான் அவர் குடியிருந்தார். 1667 மே முதல் தேதி காலை இந்த வழியாகப் போன சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் ஒரு காட்சியை எழுதி வைத்திருக்கிறார். பால்காரப் பெண்கள் வாளிகளில் மாலை சுற்றிக்கொண்டு, முன்னால் ஒருவன் பிடில் வாசிக்க, ஆடிக்கொண்டு போகிறார்கள். நெல் என்கிற நெல்லி வீட்டு உடையிலேயே வாசலில் நின்று அதை வேடிக்கை பார்க்கிறார். எந்த வாசல் என்று இன்று காட்ட முடியாது. இருந்தாலும் ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அப்புறம் கேத்தரின் தெருப் பக்கம் திரும்பினால் தியேட்டர் ராயல். இப்போது இருப்பது 1812-ல் திறந்தது, அதே இடத்தில் எழுந்த நான்காவது அரங்கம். முதலாவது 1663-ல் திறந்தபோது நெல்லுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். 'ஆரஞ்சு மால்' என்று ஊர் அழைத்த மேரி மெக்ஸிடம் வேலைக்குச் சேர்ந்து, கூடையோடு கூட்டத்துக்குள் புகுந்து பழம் விற்றார். ஒரு பழம் ஆறு பென்னி. இரைச்சலுக்கு நடுவே குரல் கொடுத்து, கிண்டல் செய்பவனுக்குப் பதில் கிண்டல் கொடுத்துத்தான் வியாபாரம் நடக்கும். அவருடைய நடிப்புப் பள்ளி அதுதான் என்று நான் நம்புகிறேன்.

அதற்குச் சில வருடம் முன்புவரை இங்கிலாந்து மேடையில் ஸ்திரீபார்ட் எல்லாம் பையன்கள்தான். 1660 டிசம்பரில்தான் ஒரு பெண் தொழில்முறையாக மேடை ஏறினார். நெல் ஏறியது 1665 வாக்கில். கம்பெனியின் ராஜபார்ட் சார்லஸ் ஹார்ட்டும் இவரும் ஜோடி சேர்ந்து, ஒருவரை ஒருவர் வாயடித்துக்கொண்டே காதலிக்கும் பாத்திரங்களில் ஊரைக் கட்டிப்போட்டார்கள். கவிஞர் ஜான் ட்ரைடன் எழுதிய ஒரு நாடகத்தில் முதலில் துடுக்குப் பெண்ணாக, பிறகு ஆண் வேடமிட்டு மைனர் நடை நடந்து காட்டினார். இதைவிடப் பெரிய நகைச்சுவை நடிப்பை உலகம் கண்டிருக்காது என்று பீப்ஸ் எழுதினார். அதே பீப்ஸ், சோகப் பாத்திரத்தில் பார்த்துவிட்டு மோசம் என்றும் எழுதினார்.

அதை ட்ரைடனும் நெல்லும் சேர்ந்து எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1669-ல் ஒரு சோக நாடகம். கடைசியில் அவர் பாத்திரம் குத்திக்கொண்டு இறக்கிறது. சடலத்தைத் தூக்க ஆட்கள் வருகிறார்கள். சட்டென்று எழுந்து, "உனக்கென்ன பைத்தியமா?" என்று தூக்க வந்தவனைத் திட்டிவிட்டு, முடிவுரை பேசுவது என் வேலை என்று ஜனங்களைப் பார்த்துத் திரும்புகிறார். நான் செத்துப்போன நெல்லியின் ஆவி, என் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத சோக நாடகத்தில் செத்தேன் என்கிறார். அரங்க வாசலில் நின்று இதை நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

எழுத்தோ, எலினோர் க்வின் என்ற முழுப்பெயருக்கு 'ஈ.ஜி.' (E.G.) என்று கோணலாக முதலெழுத்துப் போடும் அளவுக்குத்தான் வரும். அத்தனை வசனத்தையும் யாராவது வாசிக்கக் கேட்டுத்தான் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். 1671-ல், இருபத்தோரு வயதில் மேடையை விட்டுவிட்டார். மன்னரின் மகன் அதற்குமுன் பிறந்துவிட்டான்.

செயின்ட் மார்ட்டின் தேவாலயத்துக்கு நடந்தே போனேன். 1687 நவம்பரில், முப்பத்தேழு வயதில் இறந்தவரை இங்கேதான் அடக்கம் செய்தார்கள். அந்தப் பழைய கட்டடம் போய், இன்றைய கோயில் 1726-ல் முடிந்தது. அடித்தளத்தில் சிற்றுண்டிச்சாலை, தரையெல்லாம் கல்லறைக் கற்கள். டீக் கோப்பையோடு குனிந்து குனிந்து பெயர்களைப் படித்தேன். அவர் பெயர் இல்லை.

கடைசியாக பால்மால் தெரு, 79-ஆம் எண். அவர் வீடு இன்று இல்லை, நினைவுப் பலகை இருக்கிறது. பின்பக்கம் சுற்றி செயின்ட் ஜேம்ஸ் பூங்காவுக்கு வந்தேன். 1671-ல் ஒரு நாள் தோட்டச் சுவர் மேலிருந்து நெல்லும், கீழே புல்வெளியில் நின்று மன்னரும் பேசியதைப் பார்த்து, பீப்ஸைப் போலவே நாட்குறிப்பு எழுதிய ஜான் ஈவ்லின் முகம் சுளித்திருக்கிறார். 'துடுக்குக்காரக் கூத்தாடி' என்ற பொருளில் நாட்குறிப்பில் எழுதினார். வசவாகத்தான் எழுதினார். எனக்கோ, அன்று முழுக்கத் தேடிய ஆள் அந்தச் சொல்லில்தான் கிடைத்தார்.

இருட்டும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ட்ரூரி லேனில் மாலை ஆட்டத்துக்கு மேல் மாடியில் ஒரு டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். நேரமாகிவிட்டது, எழுந்து வேகமாக நடந்தேன்.